காவல் நிலையத்தில் சொல்லப்பட வேண்டிய ஒரு வாக்கியம்

சர்வதேசச் சட்டம் என்றதும் ஐ.நா. சபையும் போர்க்குற்ற விசாரணையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சட்டம் அன்றாடம் புழங்கும் இடமோ மிகச் சிறியது. ஏதோ ஓர் ஊரின் காவல் நிலையம், பிடிபட்டு வந்திருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர், எதிரே குறிப்பேட்டோடு ஓர் அதிகாரி. அந்த அதிகாரி சொல்லியே ஆக வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "நீங்கள் கைதான செய்தியை உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரிவிக்கட்டுமா?"

இதைச் சொல்லாமல் விட்டதற்காக அமெரிக்கா மூன்று முறை சர்வதேச நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. உளவு பார்த்ததாகப் பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், இந்தியாவும் பாகிஸ்தானும் தி ஹேக் நகரில் உள்ள அதே நீதிமன்றத்தில் மோதிக்கொண்டதும் இதே கடமையை வைத்துத்தான். அரசுகளுக்கு இடையிலான சட்டம் எங்கே வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1963 ஏப்ரல் 24 அன்று கையெழுத்துக்கு வந்து, 1967 மார்ச் 19 முதல் நடப்பில் இருக்கும் துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில். 1961ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூதர்களைக் கைது செய்ய முடியாது என்ற விலக்குரிமை எல்லாம் அந்த 1961 ஏட்டில் இருக்கிறது. 1963 ஏட்டின் இந்தப் பிரிவு சாதாரணக் குடிமக்களுக்கானது. மாலுமி, வீட்டு வேலைக்குப் போனவர், மாணவர், லாரி ஓட்டுநர் என எவரும் வெளிநாட்டில் கைதானால் அவர்களுக்காகப் பேசுவது இதுதான்.

36ஆம் பிரிவின் முதல் பத்தியில் மூன்று உட்பிரிவுகள். முதலாவது, துணைத் தூதரக அதிகாரிகளும் அவர்கள் நாட்டுக் குடிமக்களும் ஒருவரோடொருவர் தடையின்றித் தொடர்புகொள்ளலாம் என்கிறது. மூன்றாவது, அதிகாரி சிறைக்குச் சென்று பார்க்கவும் பேசவும் கடிதம் எழுதவும் வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும் உரிமை தருகிறது. நடுவில் இருக்கும் இரண்டாவதுதான் எல்லா வழக்குகளும் முளைத்த இடம். கைதானவர் கேட்டுக்கொண்டால் தாமதமின்றித் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். அவர் தூதரகத்துக்கு எழுதும் எதையும் தாமதமின்றி அனுப்பி வைக்க வேண்டும். இந்த உரிமைகள் இருப்பதை அவருக்கே தாமதமின்றிச் சொல்ல வேண்டும். ஒரே உட்பிரிவில் "தாமதமின்றி" மூன்று முறை வருகிறது.

உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியதை உட்பிரிவு கடைசியில்தான் வைத்திருக்கிறது. உரிமை இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? கேட்காததால் தகவல் போகாது, தகவல் போகாததால் தூதரகத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். முதல் வாக்கியம் விட்டுப்போனால் பின்னால் உள்ள அத்தனையும் சாய்ந்துவிடும்.

"கேட்டுக்கொண்டால்" என்ற சொல் எப்படி உள்ளே வந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் தயாரித்த வரைவில், கைது நடந்தால் தூதரகத்துக்குத் தகவல் தானாகவே போக வேண்டும் என்றுதான் இருந்தது. வியன்னா மாநாட்டில் அது மாறியது. லட்சக்கணக்கில் வெளிநாட்டினர் வந்துபோகும் நாடுகளுக்கு வேலைப்பளு பற்றிய கவலை. இன்னொரு கவலை மனிதர்களைப் பற்றியது: தன் அரசிடமிருந்தே தப்பி ஓடிவந்தவர் கைதானால், அந்த அரசின் தூதரகத்துக்குத் தகவல் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். இலங்கையிலிருந்து வெளியேறி ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு நின்ற தமிழர்களை நினைத்துப் பார்த்தால் இந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்று புரியும். ஆகவே முடிவு கைதானவர் கையில் விடப்பட்டது. கைதானவருக்கு உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கடமையை, அதற்கு ஈடாக, பிரிட்டன் முன்மொழிந்து சேர்த்தது. அந்தத் திருத்தம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் 36ஆம் பிரிவு வெறும் காகிதமாகவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

சில நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் போட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தகவல் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட 1980ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, கைது நடந்த 4 நாட்களுக்குள் தகவல் போயாக வேண்டும்.

இனி, தூதரக அதிகாரி வந்து என்னதான் செய்வார்? இதில்தான் குடும்பங்களின் எதிர்பார்ப்பு பெரும்பாலும் பிசகுகிறது. அவர் ஜாமீன் எடுக்க மாட்டார். நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நின்று வாதாட மாட்டார். விடுதலை செய் என்று உத்தரவிட முடியாது. அந்த நாட்டுச் சட்டப்படிதான் வழக்கு நடக்கும். அவரால் முடிந்தவை வேறு. கைதானவர் உயிரோடு இருக்கிறாரா, அடிபட்டிருக்கிறாரா, மருந்து கிடைக்கிறதா என்று நேரில் பார்ப்பார். உள்ளூர் வழக்கறிஞர்கள் பட்டியலைத் தருவார். கைதானவருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்கிறதா என்று கேட்பார். வீட்டுக்குச் செய்தி சொல்வார். சொந்த ஊரிலிருந்து பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, மருத்துவப் பதிவு எல்லாம் வரவழைத்துக் கொடுப்பார். கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மரண தண்டனை வழக்குகளில், குற்றவாளி எப்படிப்பட்ட குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்தார், அவருக்கு மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் தண்டனையைக் குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். அந்தச் சான்றுகள் கடல் தாண்டி இருக்கும்போது எடுத்து வர ஓர் அரசின் கை தேவைப்படுகிறது.

லாகிராண்ட் வழக்கில் இதுதான் நடக்காமல் போனது. கார்ல், வால்டர் என்ற இரு சகோதரர்கள் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர்கள். பேச்சும் வாழ்க்கையும் அமெரிக்கக்காரர்களுடையது, குடியுரிமை மட்டும் ஜெர்மனியினுடையது. 1982இல் அரிசோனாவில் ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியில் ஒருவரைக் கொன்றதாகக் கைதாகி, 1984இல் மரண தண்டனை பெற்றார்கள். தூதரக உரிமை பற்றி யாரும் அவர்களிடம் மூச்சுவிடவில்லை. வேறு வழியில் அதை அறிந்துகொண்டு அவர்களே 1992இல் ஜெர்மன் துணைத் தூதரகத்தைத் தொடர்புகொண்டார்கள். அதிகாரபூர்வமாக அவர்களிடம் சொல்லப்பட்டது 1998 டிசம்பரில், கைதாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. மாநில நீதிமன்றத்தில் எழுப்பாத வாதத்தைப் பின்னால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது என்பது அமெரிக்க நடைமுறை விதி. உரிமை தெரியாததால் எழுப்பவில்லை, எழுப்பாததால் உரிமை போயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட அரசே, நீ ஏன் அப்போதே கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்டது போல ஆனது. கார்லுக்கு 1999 பிப்ரவரி 24 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. வால்டருக்கு மார்ச் 3 என்று நாள் குறித்திருந்தார்கள். மார்ச் 2 மாலை ஜெர்மனி சர்வதேச நீதிமன்றத்தில் மனு போட்டது. வாய்மொழி விசாரணைக்கு நேரமில்லை. நீதிமன்றம் இரு தரப்பையும் கூட்டி உட்கார வைக்காமலே மறுநாள் இடைக்கால உத்தரவு போட்டது: இறுதித் தீர்ப்பு வரும்வரை தண்டனையை நிறைவேற்றாமலிருக்கத் தன்னால் முடிந்த அனைத்தையும் அமெரிக்கா செய்ய வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த உத்தரவைத் தன் கருத்து எதுவும் சேர்க்காமல் அரிசோனா ஆளுநருக்கு அனுப்பி வைத்தது. இப்படிப்பட்ட உத்தரவுக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை என்று அமெரிக்க அரசின் வழக்கறிஞர் தங்கள் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அன்றே வால்டர் கொல்லப்பட்டார்.

முந்தைய ஆண்டு பராகுவே கொண்டு வந்த வழக்கிலும் இதேதான் நடந்தது. 1998 ஏப்ரல் 9 அன்று இடைக்கால உத்தரவு வந்தது, ஏப்ரல் 14 அன்று வர்ஜீனியாவில் தண்டனை நிறைவேறியது. பராகுவே பிறகு வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜெர்மனி அப்படி விடவில்லை. காப்பாற்ற ஆள் இல்லாமல் போன பிறகும் வழக்கை நடத்தியது. 2001 ஜூன் 27 தீர்ப்பு அதனால்தான் கிடைத்தது. அந்தப் பிடிவாதத்துக்கு எல்லா நாட்டுக் கைதிகளும் கடன்பட்டிருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு அதுவரை எண்பது ஆண்டுகளாக உறுதியான விடை இல்லை. நீதிமன்றச் சாசனத்தின் 41ஆம் பிரிவுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மூலம் உண்டு. இடைக்கால நடவடிக்கைகளைப் பற்றி ஆங்கில மூலம் "எடுக்கப்படுவது தகும்" என்ற தொனியில் பேசுகிறது. பிரெஞ்சு மூலமோ "எடுக்கப்பட்டாக வேண்டும்" என்கிறது. இரண்டும் சம மதிப்புள்ளவை. இப்படி இரு மொழி மூலங்கள் முரண்பட்டால், ஏட்டின் நோக்கத்துக்குப் பொருந்தும் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் விதி. தீர்ப்பு வருவதற்குள் வழக்கின் பொருளே அழிந்துபோகாமல் காப்பதுதான் இடைக்கால உத்தரவின் நோக்கம். ஆகவே அது கட்டுப்படுத்தும் என்று முடிவானது. 36ஆம் பிரிவு அரசுகளுக்கு மட்டுமல்லாமல் கைதான தனிமனிதருக்கும் உரிமை தருகிறது என்பதும் அதே தீர்ப்பில் நிலைபெற்றது. நடைமுறை விதியைக் காட்டி அந்த உரிமையை முடக்கியது 36ஆம் பிரிவின் இரண்டாம் பத்திக்கு எதிரானது என்றும் சொன்னார்கள். உள்நாட்டுச் சட்டப்படியே உரிமை செயல்படலாம், ஆனால் அந்தச் சட்டம் உரிமையின் நோக்கத்துக்கு முழுப் பயன் தருவதாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பத்தி.

அடுத்து மெக்சிகோ வந்தது. மரண தண்டனைக்குக் காத்திருந்த 52 மெக்சிகோக்காரர்களுக்காக அது தொடுத்த அவேனா வழக்கில் 2004 மார்ச் 31 அன்று தீர்ப்பு. 51 பேருக்கு உரிமை சொல்லப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. "தாமதமின்றி" என்பதற்கு அங்கேதான் பொருள் தெளிவானது: கைது செய்த நொடியிலேயே, விசாரணை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் பிடிபட்டவர் வெளிநாட்டவர் என்று தெரிந்தவுடன், அல்லது அப்படி இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் கிடைத்தவுடன் சொல்லிவிட வேண்டும். பரிகாரமாக நீதிமன்றம் தந்தது விடுதலையை அன்று. உரிமை மீறலால் வழக்குக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று அமெரிக்க நீதிமன்றங்களே ஒவ்வொரு வழக்கையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது.

இங்கேதான் பெரிய இடறல். ஜனாதிபதி புஷ் தீர்ப்பை மதிக்கும்படி மாநில நீதிமன்றங்களுக்குக் குறிப்பு எழுதினார். சில நாட்களில், 2005 மார்ச் 7 அன்று, இத்தகைய வழக்குகளுக்குச் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் விருப்ப நெறிமுறையிலிருந்து அமெரிக்கா விலகிக்கொண்டது. 2008 மார்ச்சில், அந்த 51 பேரில் ஒருவரான மெடயினின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: தீர்ப்பு சர்வதேச அளவில் அமெரிக்காவைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அது டெக்சாஸ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஜனாதிபதியின் குறிப்பாலும் அப்படி ஆகிவிடாது. ஆகஸ்ட் 5 அன்று மெடயினுக்குத் தண்டனை நிறைவேறியது. நாடு கொடுத்த வாக்கை அந்த நாட்டின் ஒரு மாநிலம் நிறைவேற்றாமல் விட்டால், வெளியில் பொறுப்பு முழு நாட்டுக்கும்தான். உள்ளே அதைச் செய்ய வைக்கும் கருவி இல்லாமலிருந்தால் வாக்கு அந்தரத்தில் நிற்கும். எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: உள்நாட்டில் இதை நிறைவேற்றும் சட்டம் எது, அது எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது?

அமெரிக்கா விலகிய அந்த நெறிமுறை ஒருகாலத்தில் அதற்கே கேடயமாக இருந்தது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரான் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, ஈரானைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்க அமெரிக்கா பற்றிய பிடிகளில் இதுவும் ஒன்று. 1980 மே 24 அன்று சாதகமான தீர்ப்பும் பெற்றது. எனினும் 1998 முதல் வந்த வழக்குகள் வீணாகவில்லை. காவல் துறையினருக்கு வெளியுறவுத் துறை கையேடும் பல மொழிகளில் அச்சிட்ட உரிமைக் குறிப்பும் தருகிறது. கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் முதல்முறை நீதிபதி முன் நிறுத்தும்போதே தூதரக உரிமையைச் சொல்ல வேண்டும் என்று 2014 டிசம்பரில் விதியும் திருத்தப்பட்டது.

ஜாதவ் வழக்குக்கு வருவோம். 2016 மார்ச் 3 அன்று அவரைப் பலூசிஸ்தானில் கைது செய்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. ஈரானிலிருந்து கடத்திப் போனார்கள் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. இந்தியாவுக்குத் தகவல் வந்தது மார்ச் 25 அன்று. அன்றே இந்தியா அவரைச் சந்திக்க அனுமதி கேட்டது, பிறகும் பல முறை கேட்டது. கிடைக்கவில்லை. 2017 ஏப்ரல் 10 அன்று ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததாக அறிவிப்பு வந்தது. மே 8 அன்று இந்தியா தி ஹேக்கில் மனு போட்டது, மே 15 அன்று விசாரணை, மே 18 அன்று தண்டனையை நிறுத்தி வைக்கும் இடைக்கால உத்தரவு, அதுவும் ஒருமனதாக. மனுவிலிருந்து உத்தரவு வரை பத்து நாள்! லாகிராண்ட் தீர்ப்பு வந்திருந்ததால் அந்த உத்தரவைப் பாகிஸ்தான் வெறும் வேண்டுகோள் என்று தள்ள முடியவில்லை. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தியா எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பது கவனிக்க வேண்டியது. சர்வதேச நீதிமன்றத்துக்கு எந்த நாட்டையும் அதன் சம்மதமில்லாமல் இழுக்க முடியாது. பொதுவாகச் சம்மதம் தரும் அறிவிப்பில், காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகள் வராது என்று இந்தியா வெகுகாலமாகவே விலக்கு எழுதி வைத்திருக்கிறது. 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படை விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதற்காக அந்நாடு போட்ட வழக்கு, 2000 ஜூன் 21 அன்று அதிகாரமில்லை என்று தள்ளுபடியானதற்கு அந்த விலக்கே காரணம். ஜாதவுக்காக அந்தப் பெரிய வாசலைத் தட்டியிருந்தால் இந்தியாவுக்கும் பயனிருந்திருக்காது. விருப்ப நெறிமுறை என்ற சின்ன வாசல் தனியாகத் திறந்திருந்தது. அதில் இரண்டு நாடுகளும் சேர்ந்திருந்தன. ஆனால் சின்ன வாசலில் பெரிய பொருளை எடுத்துப் போக முடியாது. அந்த நெறிமுறை வியன்னா உடன்படிக்கை பற்றிய தகராறுகளுக்கு மட்டும்தான். ஜாதவ் உளவாளியா, ராணுவ நீதிமன்றம் நியாயமாக நடந்ததா என்ற கேள்விகளுக்குள் நீதிமன்றம் போகவில்லை, போகவும் முடியாது. தீர்ப்பு வந்த நாளில் இரு நாட்டு ஊடகங்களும் தங்களுக்கே வெற்றி என்று கூவியதற்கு இந்த அளவு புரியாததே காரணம்.

பாகிஸ்தானின் வாதங்கள் மூன்று முக்கியமானவை. உளவு பார்த்தவருக்கு 36ஆம் பிரிவு பொருந்தாது என்பது முதலாவது. உடன்படிக்கையில் அப்படி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை என்று நீதிமன்றம் ஒதுக்கியது. இரண்டாவது, 2008 மே 21 அன்று இரு நாடுகளும் செய்துகொண்ட தூதரகச் சந்திப்பு ஒப்பந்தம். அரசியல் அல்லது பாதுகாப்புக் காரணங்களால் கைதானால் ஒவ்வொரு தரப்பும் வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. உளவு வழக்கில் சந்திப்பை மறுக்க இதுவே போதும் என்றது பாகிஸ்தான். நீதிமன்றம் வியன்னா உடன்படிக்கையின் 73ஆம் பிரிவை எடுத்துக் காட்டியது: நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் செய்யலாம், ஆனால் அது உடன்படிக்கையை உறுதிசெய்வதாக, நிறைவு செய்வதாக, விரிப்பதாக இருக்க வேண்டும். குறைக்கும் ஒப்பந்தத்துக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது, தங்கள் விசாரணைக்கு இந்தியா ஒத்துழைக்கவில்லை என்பது. ஒத்துழைப்பைப் பொறுத்துச் சந்திப்பு பற்றி யோசிப்போம் என்று 2017 மார்ச்சில் பாகிஸ்தான் எழுதியிருந்தது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் தருவேன் என்ற பேரத்துக்கு இந்த உரிமை உட்பட்டதில்லை என்று தீர்ப்பு சொன்னது. மார்ச் 3 முதல் 25 வரை சுமார் மூன்று வாரம் தகவல் தராமலிருந்ததும் "தாமதமின்றி" என்ற கடமையை மீறியதுதான்.

2019 ஜூலை 17 தீர்ப்பில் 15க்கு 1 என்று வாக்கு. எதிர்த்த ஒருவர் பாகிஸ்தான் இந்த வழக்குக்கென நியமித்த தனி நீதிபதி. இந்தியா கேட்ட விடுதலையும் தண்டனை ரத்தும் கிடைக்கவில்லை. உரிமையைச் சொல்லி, சந்திப்புக்கு அனுமதி தந்து, தண்டனையைப் பயனுள்ள முறையில் மறுபரிசீலனை செய்ய வேண்டும், தேவையானால் சட்டமே இயற்ற வேண்டும், அதுவரை தண்டனை நிறுத்தம் தொடர வேண்டும் என்பதே உத்தரவு.

பிறகு நடந்தவற்றில்தான் பாடம் அதிகம். 2019 செப்டம்பர் 2 அன்று இந்தியத் தூதரகப் பொறுப்பாளர் ஜாதவைச் சந்தித்தார். மறுபரிசீலனைக்காகப் பாகிஸ்தான் 2020 மே மாதம் அவசரச் சட்டம் கொண்டு வந்து, 2021இல் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. 2020 ஜூலை 16 அன்று நடந்த சந்திப்பிலோ, பாகிஸ்தான் அதிகாரிகள் பக்கத்திலேயே நின்றார்கள், கேமரா ஓடியது. எழுத்து மூலம் ஒப்புதல் பெறும் வாய்ப்பும் இல்லாததால் இந்திய அதிகாரிகள் பாதியில் எழுந்து வந்துவிட்டார்கள். கைதி தன்னைக் காவலில் வைத்திருப்பவரின் காதுக்கு எதிரே மனம்விட்டுப் பேச மாட்டார். இந்திய வழக்கறிஞரை அனுமதிக்கப் பாகிஸ்தான் மறுத்தது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 2017 டிசம்பர் 25 அன்று ஜாதவின் தாயும் மனைவியும் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து பேசியது தூதரகச் சந்திப்பு ஆகாது. அது குடும்பச் சந்திப்பு. வழக்கறிஞர் ஏற்பாடு பற்றி ஓர் அரசு அதிகாரி கைதியோடு பேசுவதற்கு அது ஈடாகாது.

சர்வதேச நீதிமன்றத்திடம் போலீஸ் இல்லையே, பிறகு நாடுகள் ஏன் கேட்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழக்கின் வாய்மொழி விசாரணை நடந்த நாட்களைப் பாருங்கள்: 2019 பிப்ரவரி 18 முதல் 21 வரை. புல்வாமா தாக்குதல் நடந்து நான்கே நாள் ஆகியிருந்தது, பாலாகோட் தாக்குதலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் இரு நாட்டு வழக்கறிஞர்களும் ஒரே மண்டபத்தில் மாறி மாறி எழுந்து, 73ஆம் பிரிவின் இரண்டாம் பத்திக்கு என்ன பொருள் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அதே 2008 ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரு நாடுகளும் தங்கள் சிறைகளில் உள்ள மற்ற நாட்டவர் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. மீனவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 2025 மே மாதம் ஏவுகணைகள் பறந்த பிறகும் ஜூலை 1 அன்று பட்டியல்கள் கைமாறின. இரு பக்கச் சிறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள், இரு பக்கமும் வீட்டில் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இன்று நான் மறைத்தால் நாளை நீ மறைப்பாய் என்பதுதான் பட்டியலை அனுப்ப வைக்கிறது. போலீஸ் செய்திருக்கக்கூடிய வேலையை இந்தப் பரஸ்பரக் கணக்கு செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டு மீனவர்கள் பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும்போதும் இதே பிரிவுதான் இயங்குகிறது. யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்ப்பது 36ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தரும் உரிமை. அது ஆட்களுக்கு உதவும், படகுக்கு உதவாது. பறிமுதலான படகுக்கு அதன் உரிமையாளர் ஆவணங்களோடு நீதிமன்றத்தில் தனியாக வழக்காட வேண்டும்.

வெளிநாட்டில் யாராவது கைதானதாக வீட்டுக்குத் தகவல் வந்தால் செய்ய வேண்டியவற்றில், நடைமுறையில் எங்கே சிக்கல் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். முதல் சிக்கல் பெயர். நம் ஆட்களின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது இனிஷியல் விரிந்திருக்கும். அந்த நாட்டுப் போலீஸ் ஏட்டில் தந்தை பெயரே கைதானவர் பெயராகப் பதிவாகியிருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னால் தூதரகத்தால் ஆளைத் தேட முடியாது. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், எண், பிறந்த தேதி, விசா அல்லது தொழிலாளர் அட்டை எண், கைதான ஊர், காவல் நிலையம், தேதி, வேலை கொடுத்தவர் பெயர் ஆகியவை முதல் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடவுச்சீட்டே கையில் இல்லாதது. வளைகுடாவில் பலரது கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பார். அப்போது இவர் இந்தியர்தான் என்று உறுதிசெய்யச் சொந்த மாவட்டத்தில் விசாரணை நடந்த பிறகே திரும்பி வருவதற்கான அவசரச் சான்று கிடைக்கும். அதற்கு நாளாகும். பழைய நகல் ஒன்று வீட்டில் இருந்தால் அந்த நாட்கள் மிச்சமாகும். வெளிநாடு போகும் ஒவ்வொருவரும் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூன்றாவது, இரட்டைக் குடியுரிமை. இரு நாடுகளின் குடிமகனாக இருப்பவர் அவற்றில் ஒன்றில் கைதானால், மற்ற நாட்டுத் தூதரகத்தால் உரிமையோடு நுழைய முடியாது. வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது. அந்த அட்டை வைத்திருப்பவர் வேறு நாட்டில் கைதானால் இந்தியத் தூதரகத்தை 36ஆம் பிரிவின்படி கேட்க முடியாது, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாரோ அந்த நாட்டைத்தான் கேட்க வேண்டும்.

இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தால் எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடரலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் நகல் அனுப்பலாம். வழக்கறிஞர் செலவை வழக்கமாகத் தூதரகம் ஏற்காது. மிகவும் வசதியற்றவர்களுக்கு, தகுந்த வழக்குகளில், 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்க வழி இருக்கிறது. தொலைபேசியில் கைதானவரோடு ஒரு நிமிடம் பேசக் கிடைத்தால், அழுகைக்கு நடுவிலும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேள், எழுதியும் கொடு." கேட்டால்தான் கடமை பிறக்கும் என்று பிரிவே எழுதி வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்த தேதியையும், தூதரகத்துக்கு நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிய தேதியையும் குறித்து வையுங்கள். ஜாதவ் தீர்ப்பில் அந்த மூன்று வாரத் தாமதமும் கைதான நாள், தகவல் வந்த நாள் என்ற இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கணக்கிடப்பட்டது.